ஆலை திவாலானால் கலைப்பாளர் நியமனமும் கரும்பு விவசாயியின் பாக்கியும்

கரும்பை அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கையில் ஆலை திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டது என்று தெரிந்தால், தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பக்கத்து விவசாயிகள் முதலில் போவது ஆலை வாசலுக்கோ ஆட்சியர் அலுவலகத்துக்கோதான். போகட்டும், ஆனால் அன்றே நாளிதழையும் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி, தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் நியமிக்கும் இடைக்காலத் தீர்வு நிபுணர் (திவால் நடவடிக்கையை நடத்துபவர்), தம் முகவரியையும் கோரிக்கை மனுவுக்கான கடைசி நாளையும் நாளிதழ்களில் அறிவிக்க வேண்டும்.

மனுவை 'பி' படிவத்தில் கொடுங்கள். வெட்டு உத்தரவும் எடைச் சீட்டும்தான் உங்கள் ஆதாரம். எடைச் சீட்டின் எழுத்து ஓரிரு ஆண்டில் வெளுத்துவிடும் என்பதால் கையில் வாங்கிய வாரமே நகல் எடுத்துவிடுவது நல்லது. கரும்பு கட்டுப்பாட்டு ஆணை, 1966-இன்படி 14 நாளுக்குள் தராத தொகைக்கு ஆண்டுக்கு 15 சதவீத வட்டி உண்டு. திவால் நடவடிக்கை தொடங்கிய நாள் வரைக்கும் அதைக் கணக்கிட்டுச் சேர்த்துக் கேளுங்கள்.

தீர்வு நிபுணரைத் தொடரவிடுவதா மாற்றுவதா என்பதைக் கடன் கொடுத்தோர் குழு 66 சதவீத வாக்கால் முடிவு செய்கிறது. வாக்கு பெரும்பாலும் வங்கிகளிடம் இருக்கும். கரும்பு கொடுத்தவருக்கு வாக்கில்லை. ஆனால் உங்களைப் போல் சரக்கோ சேவையோ கொடுத்தவர்களின் பாக்கியெல்லாம் சேர்ந்து மொத்தக் கடனில் 10 சதவீதத்துக்குக் குறையாவிட்டால், உங்கள் பிரதிநிதி கூட்டத்தில் உட்காரலாம். ஆகவே, சிறு தொகைதானே என்று ஒருவரும் மனு கொடுக்காமல் விடக் கூடாது.

ஆலையை மீட்கும் திட்டம் எதுவும் தேறாமல் கலைப்புக்கு, அதாவது சொத்துகளை விற்றுக் கடன்காரர்களுக்குப் பகிர்ந்து நிறுவனத்தை மூடுவதற்கு, உத்தரவானால், சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி அதே தீர்வு நிபுணரே, தம் சம்மதத்தோடு, அந்த வேலையைச் செய்யும் கலைப்பாளராவார் என்பதுதான் தொடக்கத்தில் வகுத்த ஏற்பாடு. 2023 ஜூலையில், திவால் நிபுணர்களை ஒழுங்குபடுத்தும் திவால் வாரியம் வேறொருவரை நியமிக்குமாறு தீர்ப்பாயத்துக்குப் பரிந்துரைத்தது. புதியவர் கோப்புகளை முதலிலிருந்து படிக்க நாள் ஆகும் என்றாலும், முன்னவரின் முடிவுகளைக் கேள்வி கேட்க அவருக்குத் தயக்கம் இருக்காது என்பதால் இது சரியான திசை என்றே நினைக்கிறேன். 2025 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதாவோ, கலைப்பாளரைத் தேர்ந்தெடுப்பதையும் கண்காணிப்பதையும் கடன் கொடுத்தோர் குழுவிடம் தர முன்மொழிந்தது. அந்தக் குழுவில் வாக்கில்லாத விவசாயிக்கு இதனால் புதிதாக எதுவும் கிடைக்காது.

கலைப்பு தொடங்கிய 30 நாளுக்குள் 'சி' படிவத்தில் மீண்டும் மனு கொடுங்கள். முன்பு கொடுத்ததையே கலைப்பாளர் சரிபார்க்க விதியில் இடமுண்டு, ஆனாலும் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். உங்கள் தொகையை அவர் நிராகரித்தால், அந்த முடிவு கைக்கு வந்த 14 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். கடிதம் வந்த உறையைத் தபால் முத்திரையோடு பத்திரப்படுத்துங்கள்.