தோட்டப்புறத்தில் செம்பிறைச் சங்கத் தன்னார்வலர் ஆவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள இந்த ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பிறகும் பலருக்கு இது பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள், பக்கத்தில் சிலாங்கூர் ஆறு. மழை வலுத்தால் தாழ்வான லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருப்பவர்கள் பிள்ளைகளின் பள்ளிப்பையையும் பிறப்புப் பத்திரத்தையும் முதலில் மேலே தூக்கி வைப்பார்கள்.

நம் ஊர்களில் உதவும் மனத்துக்குப் பஞ்சமே இல்லை. கோயில் மண்டபத்தில் சோறு வடித்துப் பொட்டலம் கட்டுபவர்களும், லோரி பிடித்து அரிசி மூட்டை ஏற்றி வருபவர்களும் எப்போதும் இருக்கிறார்கள். ஆனால் சாலையோர வீட்டுக்கு மூன்று முறை பொட்டலம் போயிருக்கும். செம்மண் பாதையின் கோடியில் உள்ள லயத்துக்கு ஒன்றும் போயிருக்காது. யார் வீட்டில் ஊன்றுகோல் பிடித்து நடக்கும் பாட்டி இருக்கிறார், யாருக்கு ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகவேண்டிய நாள் என்பது தெரியாமல் இறங்கினால் அப்படித்தான் ஆகும். மலேசியச் செம்பிறைச் சங்கம் (ரெட் கிரசன்ட்) போன்ற அமைப்பு நமக்குத் தேவைப்படுவது இதற்காகத்தான்.

படி 1: இது எந்த வகை அமைப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள்

1859-இல் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்த காயம்பட்டவர்களைக் கண்ட ஹென்றி டுனாண்ட் எழுப்பிய குரலில் தொடங்கிய செஞ்சிலுவை, செம்பிறை இயக்கத்தைச் சேர்ந்தது இச்சங்கம். இன்று அந்த இயக்கம் மூன்று பகுதிகளாக இயங்குகிறது. போர்ச் சூழலில் பணியாற்றும் அனைத்துலகச் செஞ்சிலுவைக் குழு ஒன்று. நாட்டுச் சங்கங்களை இணைக்கும் கூட்டமைப்பு மற்றொன்று. மூன்றாவது, 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் உள்ள தேசியச் சங்கங்கள். ஒரு நாட்டுக்கு ஒரே ஒரு சங்கம்தான் இருக்க முடியும். நம் நாட்டில் பிரிட்டிஷ் செஞ்சிலுவையின் கிளையாக வேர் விட்ட அது, 1975-இல் செம்பிறைச் சங்கம் என்ற பெயரைப் பெற்றது.

இது அரசாங்க இலாகா இல்லை. வழக்கமான பொதுநல மன்றமும் இல்லை. சட்டத்தால் அமைக்கப்பட்ட சங்கம். மனிதநேயப் பணியில் அரசுக்குத் துணை நிற்கும், ஆனால் முடிவெடுப்பதில் தன் சுதந்திரத்தைக் காத்துக்கொள்ளும். இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

படி 2: உங்கள் ஊர் எந்தக் கிளைக்குக் கீழ் வருகிறது என்று பாருங்கள்

தலைமையகம் கோலாலம்பூரில் உள்ளது. அதன் கீழ் மாநிலக் கிளைகள், அவற்றின் கீழ் மாவட்ட அளவிலான பிரிவுகள், பிறகு தன்னார்வலர் அணிகள். பள்ளிகளில் சீருடை இயக்கமாகச் செம்பிறை அணி இருக்கும். பெஸ்தாரி ஜெயா கோல சிலாங்கூர் மாவட்டத்தில் உள்ளதால், நீங்கள் முதலில் அணுகவேண்டியது சிலாங்கூர் மாநிலக் கிளை. உறுப்பினர் பாரம், அடுத்த முதலுதவிப் பயிற்சி, உங்கள் மாவட்டத்தில் இயங்கும் அணி, இந்த மூன்றையும் அங்கேயே கேளுங்கள். பிள்ளை இடைநிலைப் பள்ளியில் படித்தால் இன்னும் எளிது, அணிப் பொறுப்பாசிரியரிடமே பேசலாம்.

படி 3: ஏழு கொள்கைகளில் ஒன்றை ஆழமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்

மனிதநேயம், பாரபட்சமின்மை, நடுநிலை, சுதந்திரம், தன்னார்வச் சேவை, ஒற்றுமை, உலகளாவிய தன்மை என்ற ஏழும் 1965-இல் வியன்னாவில் அறிவிக்கப்பட்டவை. ஏழையும் படியுங்கள். தோட்டப்புறத்தில் ஒவ்வொரு நாளும் சோதனைக்கு வருவது பாரபட்சமின்மை.

நம் லயங்களில் இன்று யார் இருக்கிறார்கள்? தலைமுறையாக வாழும் நம் குடும்பங்களோடு இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். பிறப்புப் பத்திரமே இல்லாமல் வளர்ந்த நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சீருடையைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொள்பவர்கள் இவர்கள். செம்பிறைத் தன்னார்வலர் அந்தக் கதவைத் தட்டும்போது கேட்கவேண்டியது ஒன்றே: “என்ன தேவை?” இனம், மதம், குடியுரிமை, கட்சி எதுவும் கணக்கில் வராது. தேவை அதிகம் உள்ளவருக்கே முதல் உதவி. 1978 முதல் 1991 வரை திரெங்கானு கரைக்கு அப்பாலுள்ள பீடோங் தீவில் வியட்நாம் அகதிகள் தங்கியிருந்தபோது, ஐ.நா. அகதிகள் ஆணையத்தோடு சேர்ந்து இச்சங்கம் உழைத்ததும் இந்தக் கொள்கையின்படிதான்.

கட்சிச் சட்டையோடு நிவாரணப் பொருள் கொடுக்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். தேர்தல் காலத்தில் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

படி 4: முதலுதவியைக் கையால் செய்து பழகுங்கள்

காணொளி பார்த்தால் போதாது. இதயம் நின்றவருக்கு நெஞ்சின் நடுவில் குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தவேண்டும். பொம்மையின் மேல் அழுத்திப் பார்த்தால்தான் அதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று தெரியும். அழுத்தத் தொடங்கும்போதே இன்னொருவர் அவசர எண் 999-ஐ அழைக்கவேண்டும்.

குலை வெட்டும் அரிவாள் பட்டால் சுத்தமான துணியை வைத்துக் காயத்தின் மேலேயே விடாமல் அழுத்துங்கள். காப்பித்தூள், புகையிலை எதுவும் வேண்டாம்.

பாம்புக்கடியில் நம்மிடையே பழைய பழக்கங்கள் இன்னும் இருக்கின்றன. கடித்த இடத்தைக் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், வளையலைக் கழற்றி, அந்தக் கையையோ காலையோ அசையாமல் வைத்து, நேராக மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். பாம்பைப் பிடிக்கப் போய் இரண்டாவது ஆள் கடிபட வேண்டாம்.

படி 5: மழைக்கு முன்பே வீட்டு விவரம் எடுங்கள்

அணித் தலைவரோடு பேசி, இரண்டிரண்டு பேராக லயம் லயமாகப் போங்கள். படுக்கையில் உள்ளவர், கர்ப்பிணி, கைக்குழந்தை, இன்சுலின் ஊசி போடுபவர், வாகனம் இல்லாத வீடு, இவற்றைக் குறித்தால் போதும். அடையாள அட்டை எண்ணைக் கேட்கவே கேட்காதீர்கள். அது நம் வேலைக்குத் தேவையில்லை. கேட்டால் பயந்தவர்கள் பேச்சையே நிறுத்திவிடுவார்கள். பட்டியலை வாட்சப் குழுவில் போடவும் கூடாது. தோட்ட நிர்வாகத்திடமும் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது மரியாதை, பாதுகாப்பும் கூட.

படி 6: வெள்ளம் வந்ததும் உங்கள் இடத்தில் நில்லுங்கள்

படகில் ஆட்களை மீட்பது தீயணைப்பு மீட்புப் படையும் பொது தற்காப்புப் படையும் செய்யும் வேலை. தற்காலிக நிவாரண மையத்தை நடத்துவது சமூக நல இலாகா. செம்பிறை அணி முதலுதவி தரும், தேவையைக் கணக்கெடுக்கும், சுகாதாரப் பொருள்களை வழங்கும், அதிர்ந்துபோனவர்களோடு உட்கார்ந்து பேசும், பிரிந்த குடும்பத்தினரைத் தொடர்புபடுத்தும். உங்கள் பட்டியல் உதவும் நேரம் இது. உட்கோடி லயத்தில் இன்னும் வெளியே வராதவர் யார் என்பதை மீட்புப் படையிடம் நீங்கள்தான் சொல்ல முடியும்.

சின்னத்தைப் பற்றி ஒன்று. செம்பிறையும் செஞ்சிலுவையும் 1962-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. மன்றத்து முதலுதவிப் பெட்டியிலோ சொந்த வேனிலோ வரையக்கூடாது. பெட்டிக்குப் பச்சைப் பின்னணியில் வெள்ளைச் சிலுவை போதும்.

படி 7: தண்ணீர் வடிந்த பிறகும் போங்கள்

கூட்டம் கலைந்த பிறகுதான் எலிக் காய்ச்சல் வரும். எலியின் சிறுநீர் கலந்த சேறு, கால் வெடிப்பின் வழியாகக் கிருமியை உள்ளே விடும். பூட்ஸ், கையுறை இல்லாமல் யாரையும் வீடு கழுவ விடாதீர்கள். பிறகு 4 வாரம் வரை பட்டியலில் உள்ள வீடுகளுக்குப் போய், காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் யாருக்காவது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பனடோல் கொடுத்துவிட்டுத் திரும்பாமல், அன்றே கிளினிக்குக்கு அழைத்துப் போய், வெள்ளச் சேற்றில் இறங்கியவர் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.