சன்ஃபிஷ் படகின் பிரிந்த விளிம்பை மீண்டும் ஒட்டும் முறை

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஆல்கார்ட் நிறுவனம் 1950களில் அறிமுகப்படுத்திய சன்ஃபிஷ், 13 அடி 9 அங்குல நீளமுள்ள சிறு பாய்மரப் படகு. இதன் ஃபைபர் கிளாஸ் உடல், அடிப்பகுதி ஒன்றும் மேல்தளம் ஒன்றுமாகத் தனித்தனியே வார்த்த இரண்டு ஓடுகளை விளிம்பில் ஒட்டிச் செய்யப்பட்டது. பழைய படகுகளில் அந்த ஒட்டின்மேல் அலுமினியப் பட்டையைக் கவிழ்த்து ரிவெட் அடித்திருக்கும். ஆண்டுகள் பல கடந்து, படகுத்துறையில் மோதி மோதி, இந்த விளிம்பு வாய் பிளக்கிறது.

வாய் பிளந்த இடத்தில் உடனே பசையை நிரப்பிவிடத் தோன்றும். அது வீண் வேலை. ஓடுகளுக்கு இடையே நிற்கும் பாலிஸ்டைரின் நுரைக் கட்டைகள் கழன்றிருந்தால், ஏறி உட்காரும்போதெல்லாம் மேல்தளம் அமுங்கி எழும். அந்த அசைவே எந்த ஒட்டையும் நாளடைவில் பிரித்துவிடும். ஆகவே முதலில் நுரையின் நிலையை அறிய வேண்டும்; அதற்குப் படகை எடை பார்க்க வேண்டும். புதிதில் 60 கிலோவை ஒட்டியிருந்த உடல் 80 கிலோ காட்டினால், நுரை நீரைக் குடித்திருக்கிறது என்று கொள்ளலாம். மேல்தளத்தில் கை நுழையும் அளவுக்கு வட்டத் துளை வெட்டி, திருகு மூடி பொருத்தி, சிறு மின்விசிறியால் உள்ளே காற்றோட்டம் கொடுத்து உலர்த்த வேண்டும். இதற்கு வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஆகும். அவசரப்படுபவர்கள் தோற்பது இங்கேதான். கழன்ற கட்டைகளை இரண்டு கலவையாக வரும் பாலியூரிதேன் நுரையால் பொருத்தலாம், ஆனால் சிறிது சிறிதாகவே ஊற்ற வேண்டும். அளவு மிஞ்சினால் அது பொங்கி மேல்தளத்தையே தூக்கிவிடும்.

பிளவு எதுவரை ஓடுகிறது என்பதை அறிய, வடிகால் துளை வழியாக வாயால் ஊதும் அளவு அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, விளிம்பெங்கும் சோப்பு நீரைத் தடவினால் குமிழி வரும் இடங்கள் காட்டிக்கொடுக்கும். கம்பிரசரைப் பயன்படுத்தினால் நல்ல ஒட்டும் பிரிந்துவிடும்.

அலுமினியப் பட்டையைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளின் தலையைத் துளைப்பானால் எடுத்துவிட்டு, பட்டையை வளைக்காமல் கழற்றவும். பிளவில் மர ஆப்புகளை மெல்லச் செருகி, பழைய பசையை ரம்பத் தகட்டால் சுரண்டி, அசிட்டோனால் துடைத்து, 80ஆம் எண் உப்புத்தாளால் இரு முகங்களையும் சொரசொரப்பாக்கி, தூசியை நீக்கவும். ஒட்டுவதற்கு, இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவிடும் எபாக்சி பசையே ஏற்றது. பாலியெஸ்டர் ரெசின் வேண்டாம்: அது பழைய ஃபைபர் கிளாஸை எபாக்சி அளவுக்கு இறுகப் பற்றாது என்பதோடு, அதிலுள்ள ஸ்டைரின் என்னும் திரவம் உள்ளே வழிந்தால் நுரைக் கட்டையைக் கரைத்துவிடும்.

எபாக்சியைச் சிறு சிறு அளவாகக் கலக்கவும். பெரிய குவளையில் மொத்தமாகக் கலந்தால் தன் சூட்டிலேயே கொதித்து இறுகிவிடும். முதலில் தனி எபாக்சியை இரு முகங்களிலும் தூரிகையால் பூசி ஊறவிட்டு, பிறகு சிலிக்காத் தூள் சேர்த்துத் துவையல் பதத்துக்குக் கெட்டியாக்கிய கலவையைப் பிளவுக்குள் அழுத்தி நிரப்ப வேண்டும். விளிம்பின் இருபுறமும் பாலித்தீன் தாள் சுற்றிய மரச்சட்டங்களை வைத்து, 10 முதல் 15 செ.மீ.க்கு ஒரு கிளாம்ப் போடவும். கலவை ஒரே சீராகப் பிதுங்கியதும் முறுக்குவதை நிறுத்திவிட வேண்டும். மேலும் இறுக்கினால் பசை முழுதும் வெளியேறி ஒட்டு வறண்டுபோகும். உடல் முறுக்கிக்கொண்ட நிலையில் இறுகினால் பின்னர் நிமிர்த்த வழியில்லை என்பதால், படகைச் சமமாகத் தாங்கி நிறுத்தியிருப்பது அவசியம்.

ஒரு நாள் முழுதும் விட்டபின் கிளாம்புகளை எடுத்து, எபாக்சியின் மேல் படியும் மெழுகு போன்ற பிசுக்கை வெந்நீரால் தேய்த்துக் கழுவவும். விளிம்பே உடைந்திருந்த இடங்களில், உடைப்பின் இருபுறமும் தடிமனைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, கண்ணாடி இழைத் துணியை எபாக்சியில் நனைத்து அடுக்க வேண்டும். வெயில் எபாக்சியை அரிக்கும். திறந்து தெரியும் இடங்களுக்கு வண்ணம் பூசுவது கட்டாயம்.

சோப்பு நீர்ச் சோதனையை மீண்டும் செய்து, குமிழி இல்லை என்று உறுதியான பிறகே பட்டையை ஏற்றிப் புதிய அலுமினிய ரிவெட் அடிக்கவும். படகை நிறுத்தி வைக்கும் நாட்களில் திருகு மூடிகளைத் திறந்தே வைத்தால், உள்ளே எஞ்சிய ஈரமும் மெல்ல வெளியேறும்.