டி.எல்.சி. பூச்சை உப்புத் தண்ணீரில் சோதிப்பது எப்படி

பம்ப் ஷாஃப்ட்டுக்கு டி.எல்.சி. பூச்சு (வைரம் போலக் கடினமான கரிப் படலம்) போட்டால் தேயவே தேயாது என்பார்கள், கையோடு ஒரு உராய்வுக் கெழுவையும் (உராய்வு விசையைச் சுமையால் வகுத்த எண்) காட்டுவார்கள். அது காற்றில் எடுத்ததா, தண்ணீரில் எடுத்ததா என்று முதலில் கேளுங்கள். கடலூர் துறைமுகத்துப் படகில் ஓடப்போகிற சாமானுக்குக் காற்றில் எடுத்த எண் எதற்கு? ஹைட்ரஜன் நிறைந்த டி.எல்.சி. வகையின் கெழு உலர்ந்த நைட்ரஜனில் 0.01 வரைகூட இறங்கும், ஈரக்காற்று பட்டாலே பல மடங்கு ஏறிவிடும்.

தண்ணீர் எடுக்கத் தேவனாம்பட்டினத்துக்குக் கேனோடு போகலாம், ஆனால் ஐப்பசி கார்த்திகையில் கெடிலம் பெருகிக் கடலில் கலக்கிறபோது கரையோரத் தண்ணீரின் உப்பு ஒரே அளவில் நிற்காது. அதனால் முதல் சுற்றுக்கு 35 கிராம் சுத்தமான சோடியம் குளோரைடைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து ஒரு லிட்டராக்கிக்கொள்ளுங்கள் (மளிகைக் கடை அயோடின் உப்பு வேண்டாம்). நிஜக் கடல்நீரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சோதனை இதுதான்: பூச்சு போட்ட எஃகு டிஸ்க்கை இந்தக் கரைசலுக்குள் சுழலவிட்டு, மேலே ஒரு குண்டை அழுத்தித் தேய்க்க வேண்டும். முதலில் டிஸ்க்கை அசிட்டோனில் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அலசி, உலர விடுங்கள். வெறும் விரல் படக்கூடாது. நம் ஊர் வியர்வையே பாதி உப்புக் கரைசல். 6 மி.மீ. சிலிக்கன் நைட்ரைடு குண்டு, 5 நியூட்டன் சுமை, 5 மி.மீ. ஆரத்தில் தடம், நிமிடத்துக்கு 190 சுற்று என்று வைத்தால் வேகம் நொடிக்கு 0.1 மீட்டர் வரும். சுமை சின்னதாகத் தெரியும், ஆனால் குண்டு தொடுகிற புள்ளியில் தொடக்க அழுத்தம் 1 ஜிகாபாஸ்கலைத் தாண்டும். வேகத்தை ரொம்ப ஏற்றாதீர்கள், இடையில் தண்ணீர்ப் படலம் புகுந்து சுமையைத் தாங்க ஆரம்பித்தால் நீங்கள் அளப்பது பூச்சை அல்ல, தண்ணீரை.

எல்லோரும் கோட்டை விடுகிற இடம் ஒன்று இருக்கிறது. தண்ணீரில் இந்தப் பூச்சு தேய்ந்து சாவதைவிட உரிந்து சாவதுதான் அதிகம். பூச்சின் தடிமன் ஒன்று முதல் மூன்று மைக்ரான், அதில் ஊசித்துளை இல்லாமல் இருக்காது. கரிப் படலத்துக்குத் துருப்பிடிக்காது, ஆனால் உப்புத் தண்ணீர் துளை வழியாக இறங்கி அடியிலிருக்கும் எஃகையும் ஒட்டுவதற்காகப் போட்ட இடைப்படலத்தையும் அரிக்கும், மேலே குண்டு அழுத்திக்கொண்டே ஓடும், ஒரு கட்டத்தில் அப்பளம் மாதிரி பெயர்ந்துவிடும். நான் முதலில் ஓட்டிய டிஸ்க்கில் 10,000 சுற்று முடிந்தும் வரைபடத்தில் உராய்வுக் கோடு ஏறாமல் சமமாகத்தான் போனது, ஜெயித்துவிட்டோம் என்று அப்படியே கரைசலில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் பார்த்தால் தடத்தின் ஓரத்தில் கடுகை நாலாகக் கிள்ளிப் போட்டதுபோல் பழுப்புப் புள்ளிகள், நகத்தால் தொட்டதும் செதில் கையோடு வந்தது.

ஆகவே இரண்டு டிஸ்க் வேண்டும். ஒன்றை வந்தபடியே ஓட்டுங்கள், இன்னொன்றை ஒரு வாரம் கரைசலில் ஊறவைத்து ஓட்டுங்கள். இரண்டிலும் ராக்வெல் சி கூம்பால் (கடினத்தன்மை அளக்கும் கருவியின் வைர முனை) 150 கிலோ சுமையில் ஒரு குத்துக் குத்தி, குழியைச் சுற்றி வெறும் விரிசலா, பூச்சே பெயர்ந்திருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். ஊறியதில் மட்டும் பெயர்ந்திருந்தால் குறை கரியில் இல்லை, ஒட்டுதலில்.

தேய்மானத்தை எடை போட்டுக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். தடத்தின் அகலம் 0.2 மி.மீ., ஆழம் அரை மைக்ரான் என்றால் போனது சுமார் 0.002 கன மி.மீ., அதாவது நாலைந்து மைக்ரோகிராம். ஒட்டியிருக்கும் உப்பே அதைவிடக் கனக்கும். புரொஃபைலோமீட்டரில் (பரப்பின் மேடுபள்ளத்தை அளக்கும் கருவி) தடத்தின் குறுக்குவெட்டு எடுத்து, பரப்பைத் தடத்தின் சுற்றளவால் பெருக்கி, வந்ததைச் சுமையாலும் ஓடிய தூரத்தாலும் வகுங்கள். 10,000 சுற்றுக்குத் தூரம் 314 மீட்டர், ஆக நியூட்டன்-மீட்டருக்கு 0.0000013 கன மி.மீ. வரும். பூச்சு உரிந்துவிட்ட தடத்துக்கு இந்தக் கணக்கே போடாதீர்கள், எத்தனையாவது சுற்றில் உரிந்தது என்று மட்டும் எழுதி, தடத்தின் படத்தோடு வையுங்கள்.