நிதியாண்டின் நடுவில் பள்ளிக் கல்வி ஒதுக்கீட்டைத் திருத்துவது எப்படி?

பிப்ரவரி சம்பளப் பட்டியல் "ஒதுக்கீடு போதாது" என்று கருவூலத்திலிருந்து திரும்பி வந்தால், தவறு நடந்தது பெரும்பாலும் பிப்ரவரியில் அல்ல, டிசம்பரில் போட்ட கணக்கில். தமிழ்நாட்டில் கல்வி அலுவலகப் பணிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு அந்தக் கணக்கிலிருந்தே இந்த விளக்கம்.

முதலில் கணக்குத் தலைப்பை, அதாவது செலவு எந்த இனத்தில் ஏறுகிறது என்று காட்டும் குறியீட்டை, முழுவதுமாக எழுதிக்கொள்ளுங்கள். ஒரு துறையின் செலவுக்காகப் பேரவையிடம் பணம் கேட்பது மானியக் கோரிக்கை; பள்ளிக் கல்வித் துறைக்கு அதன் எண் 43. பொதுக்கல்வியின் வருவாய்ச் செலவு 2202-இலும், கட்டடம் போன்ற மூலதனச் செலவு 4202-இலும் வரும். சம்பளம், மின்கட்டணம் என்று செலவைப் பிரித்துக் காட்டும் விவரத் தலைப்பு வரை எழுதாமல் "சம்பளத்துக்குப் பணம் தேவை" என்று மட்டும் கேட்டால் கோப்பு அப்படியே திரும்பிவிடும்.

அடுத்தது தேவையைக் கணக்கிடுவது. அதிகம் சறுக்குவது இங்கேதான். மார்ச் மாதச் சம்பளம் ஏப்ரலில்தான் வழங்கப்படுகிறது. அதனால் ஒரு நிதியாண்டின் கணக்கில் ஏறுவது மார்ச் முதல் பிப்ரவரி வரையிலான சம்பளம். நவம்பர் முடிவில் எட்டு மாதம் கடந்திருந்தாலும் செலவில் இருப்பது ஒன்பது மாதச் சம்பளம்; மீதி மூன்றுதான்.

ஓர் அலுவலகத்தின் சம்பள ஒதுக்கீடு ரூ.1,80,00,000 என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் வரை செலவு ரூ.1,39,00,000. அதில் ரூ.4,00,000 ஒரே தடவை வழங்கிய நிலுவை. எட்டால் வகுத்துப் பன்னிரண்டால் பெருக்குபவருக்கு ரூ.2,08,50,000 வரும், ரூ.28,50,000 கூடுதலாகக் கேட்பார். சரியான வழி, நிலுவை கலக்காத நவம்பர் சம்பளப் பட்டியலை எடுத்துப் பார்ப்பது. அது ரூ.15,60,000 என்றால் மூன்று மாதத்துக்கு ரூ.46,80,000. ஜனவரி ஊதிய உயர்வுக்கு மாதம் ரூ.20,000 வீதம் இரண்டு மாதத்துக்கு ரூ.40,000. நவம்பர் வரையிலான செலவோடு சேர்த்து ஆக மொத்தம் ரூ.1,86,20,000, உண்மைத் தேவை ரூ.6,20,000 மட்டுமே. மிகையாகக் கேட்ட ரூ.22,30,000 மார்ச் 31 வரை முடங்கிக் கிடக்கும். இன்னொரு மாவட்டத்தில் ஆய்வகப் பொருள்களுக்கோ மின்கட்டணத்துக்கோ போயிருக்க வேண்டிய பணம் அது. அகவிலைப்படி உயர்வு அறிவிக்கப்பட்டிருந்தால் அதையும், ஓய்வு பெறுபவர்களின் ஊதியக் கழிவையும் தனி வரியாகக் காட்டுங்கள். மொத்தத்துக்குள் கலந்துவிட்டால் சரிபார்ப்பவருக்குப் புரியாது.

பணம் எங்கிருந்து வரும்? ஒரே கோரிக்கைக்குள் வேறு தலைப்பில் மிச்சம் இருந்தால் அதை இங்கே மாற்றிக்கொள்ளும் மறுநிதியொதுக்கம் போதும். ஆனால் கோரிக்கை 43-இன் மிச்சத்தை உயர்கல்வியின் கோரிக்கை 20-க்கு மாற்ற முடியாது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் செலவு கோரிக்கை 4-இல் வருவதால் அங்கும் கொண்டுபோக முடியாது. வருவாய்க் கணக்கிலிருந்து மூலதனக் கணக்குக்கும் மாற்றக் கூடாது. 2202-இன் மிச்சத்தில் வகுப்பறை கட்ட நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். சட்டமன்றம் பார்த்திராத புதுப்பணிக்கும் மறுநிதியொதுக்கம் செல்லாது.

மிச்சம் இல்லையென்றாலும், செலவு புதுப்பணி என்றாலும், ஆண்டின் நடுவில் கூடுதல் பணத்துக்காகப் பேரவையில் வைக்கப்படும் துணை மதிப்பீட்டில் சேர்க்கக் கேட்க வேண்டும். இதற்கு அடிப்படை அரசமைப்புச் சட்டத்தின் 205-ஆம் பிரிவு. புதுப்பணிக்கான பணம் அதே கோரிக்கையில் மிச்சமாக இருந்தால், பேரவையின் ஒப்புதலுக்காக ஓர் அடையாளத் தொகை மட்டும் கோரினால் போதும். பேரவை கூடும்வரை காத்திருக்கவே முடியாத செலவுக்கு எதிர்பாராச் செலவு நிதியத்திலிருந்து முன்பணம் பெறலாம். பிறகு துணை மதிப்பீட்டின் வழியே அந்த நிதியத்துக்கு ஈடு செய்தாக வேண்டும்.

கோப்பை அனுப்பும் முன் உங்கள் செலவுப் பதிவேட்டைக் கருவூலக் கணக்கோடு ஒத்திட்டுப் பாருங்கள். வேறு தலைப்பில் தவறாக ஏறிய ஒரு பட்டியல் இல்லாத பற்றாக்குறையைக் காட்டும். அது திருத்தப்பட்டாலே சில சமயம் கூடுதல் நிதி தேவைப்படாது.

முன்மொழிவு பணம் பெற்று வழங்கும் அலுவலரிடமிருந்து துறைத் தலைவர் வழியாகச் செல்லும். மிச்சம் இருக்கும் தலைப்புகளையும் அதே கடிதத்தில் பட்டியலிட்டு, அந்த மிச்சத்தை ஒப்படையுங்கள். அந்தப் பட்டியல் இல்லாமல் துறைத் தலைவரால் பற்றாக்குறை உள்ள அலுவலகத்துக்கு எதையும் எடுத்துத் தர இயலாது.

ஆணை வந்துவிட்டது என்று உடனே பட்டியலைப் போடாதீர்கள். அரசின் நிதி, கருவூலப் பணிகளுக்கான களஞ்சியம் மென்பொருளில் உங்கள் அலுவலகத்தின் பெயரில், அதே விவரத் தலைப்பில் இருப்பு உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உயராவிட்டால் அன்றே துறைத் தலைவர் அலுவலகத்தின் வரவு செலவுப் பிரிவுக்குத் தெரிவியுங்கள். மார்ச் 31-க்குப் பிறகு அந்த ஆண்டுக்கு மறுநிதியொதுக்கம் செய்ய வழியில்லை.