பிறப்புச் சான்றிதழில் ஒரே ஒரு பெயர் இருந்தால்

உங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இரண்டு அம்மாக்களோ இரண்டு அப்பாக்களோ சேர்ந்து ஒரு குழந்தையை வளர்க்கிறார்கள், நீங்கள் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள். சரி, முதலில் அவர்களிடம் இதைக் கேளுங்கள்: நடுராத்திரியில் குழந்தைக்கு வலிப்பு வந்தால் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட இருவருக்கும் உரிமை இருக்கிறதா? பல வீடுகளில் ஒருவருக்குத்தான் இருக்கும். பெற்றவரோ தத்தெடுத்தவரோ அந்த ஒருவர். இன்னொருவர் பிறந்த நாளிலிருந்து தோளில் போட்டுத் தூங்கவைத்து வளர்த்திருந்தாலும் சட்டப்படி அவர் யாரோ. அந்த இரண்டாம் ஆளுக்கும் குழந்தைக்கும் உள்ள உறவைக் காப்பாற்றிக் கொடுப்பதுதான் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

வழி நாட்டுக்கு நாடு மாறும். நெதர்லாந்தில் ஒரே பாலின ஜோடிகளுக்கு 2001-லேயே திருமணமும் தத்தெடுப்பும் கிடைத்துவிட்டன. தைவானில் 2019-ல் திருமணம் வந்தும், இருவருக்கும் ரத்த உறவில்லாத குழந்தையைச் சேர்ந்து தத்தெடுக்க 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் திருமண உரிமையை ஏற்கவில்லை, திருமணமாகாத ஜோடி சேர்ந்து தத்தெடுக்க முடியாது என்ற விதியையும் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அப்படியே விட்டுவிட்டது. அதனால் அங்கே ஒருவர் மட்டும் தனி ஆளாகத்தான் விண்ணப்பிக்க முடிகிறது.

துணைவரின் குழந்தையைத் தத்தெடுக்கச் சட்டம் இடம் கொடுக்கும் இடமாக இருந்தால், சான்றிதழில் இரண்டு பெயரும் இருந்தாலும்கூட அதைச் செய்துவிடச் சொல்லுங்கள். சான்றிதழ் ஒரு பதிவு மட்டுமே, வேறு ஊரில் அதைக் கேள்வி கேட்கலாம். நீதிமன்ற ஆணையைத் தள்ளுவது கடினம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு தாய்க்குக் கிடைத்த தத்தெடுப்பு ஆணையை அலபாமா மாநில நீதிமன்றம் ஏற்க மறுத்தபோது, ஏற்றே ஆக வேண்டும் என்று 2016-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. என் பிள்ளையை நானே தத்தெடுக்கணுமா என்று அவர்களுக்குக் கோபமும் அழுகையும் வரும். நியாயமான கோபம் அது, ஆறுதல் சொல்லி அடக்கப் பார்க்காதீர்கள், விண்ணப்பம் நிரப்பும்போது பக்கத்தில் உட்காருங்கள்.

இடம் கொடுக்காத நாட்டில் கையில் இருக்கும் காகிதங்களை வைத்துத்தான் வேலி போட வேண்டும். தான் இறந்தால் குழந்தைக்கு இவர்தான் காப்பாளர் என்று உயில், சிகிச்சைக்குச் சம்மதிக்க அதிகாரம் தரும் கடிதம், பள்ளியில் அழைத்துப்போக அனுமதிக் கடிதம். குடும்ப வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவர் இவற்றைப் பார்த்துவிடட்டும். நகல் ஒன்று இருவர் போனிலும் இருக்கட்டும். இவை முழுப் பெற்றோர் உரிமைக்கு ஈடாகாது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம் பள்ளி. நீங்கள் ஆசிரியராகவோ அங்கே படிக்கும் இன்னொரு பிள்ளையின் பெற்றோராகவோ இருந்தால் நிறையச் செய்யலாம், ஏனென்றால் அந்தக் குடும்பமே கேட்டால் சலுகை கேட்பதுபோல் ஆகிவிடுகிறது, நீங்கள் கேட்டால் அது பள்ளியின் வேலையாகிறது. படிவத்தில் ‘தந்தை பெயர், தாய் பெயர்’ என்பதற்குப் பதில் ‘பெற்றோர் அல்லது காப்பாளர்’ என்று இரண்டு கோடுகள் போதும். தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைக்கும், அப்பாவை இழந்த பிள்ளைக்கும் அதே படிவம் உதவும், அந்தக் காரணத்தையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். அன்னையர் தினத்துக்கு வாழ்த்து அட்டை செய்யும்போது இரண்டு அட்டை வேண்டுமா, வேறு யாருக்காவது செய்ய வேண்டுமா என்று குழந்தையிடம் தனியாக, முன்கூட்டியே கேளுங்கள், வகுப்பு நடுவில் வேண்டாம். வீட்டில் யாரை எப்படிக் கூப்பிடுகிறதோ, ஒருவர் அம்மா இன்னொருவர் மம்மி என்றால், நீங்களும் அப்படியே சொல்லுங்கள். ‘நிஜ அம்மா யாரு?’ என்று எவர் கேட்டாலும் ‘ரெண்டு பேரும்தான்’ என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள், அந்தப் பதிலைச் சொல்லும் பாரம் ஏழு வயதுப் பிள்ளை மேல் விழக்கூடாது. ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்ற சொல் உறவை உடலுறவாகச் சுருக்கிவிடுவதால் பலருக்கு வலிக்கிறது, தன்பாலீர்ப்பாளர் என்று சொல்லிப் பழகுங்கள்.

பிள்ளைகள் கெட்டுப்போவார்களே என்று யாராவது சொன்னால் அமைதியாகப் பதில் சொல்லலாம். துணைவரின் குழந்தையைத் தத்தெடுக்கும் உரிமையை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2002-லேயே ஆதரித்தது. லெஸ்பியன் தாய்மார்களின் பிள்ளைகளை 1986-ல் தொடங்கிய ஓர் ஆய்வு பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்தது, அவர்கள் மற்றப் பிள்ளைகளைப் போலவே நன்றாக வளர்ந்திருக்கிறார்கள்.

ஓர் அலுவலகத்தில் மறுத்தால், எந்த விதியின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள், தேதியும் அதிகாரியின் பதவியும் குறித்து வையுங்கள். மேல்முறையீட்டுக்குப் போகும்போது அந்தத் தாள்தான் கையில் இருக்கும். விஷயத்தை வெளியில் கொண்டுபோகத் தோன்றினால் முதலில் இருவரிடமும், விவரம் தெரிந்த வயது என்றால் பிள்ளையிடமும் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அடுத்த முறை அலுவலகத்துக்குத் துணையாக மட்டும் போங்கள்.