கடைக் கணினியில் யாருக்கு எந்தச் சாவி: விண்டோஸ் 11-இல் பயனர் அனுமதிகளை அமைக்கும் முறை

ஆத்தங்குடியில் ஓடு வார்க்கும் ஒரு பட்டறையில், பில் போடும் கணினியின் தேதி யாரோ கை தவறி அழுத்தியதில் அடுத்த மாதத்துக்குப் போய்விட்டது. மாலை வரை எவரும் கவனிக்காததால், அன்று போட்ட 17 பில்களையும் ரத்து செய்து மீண்டும் போட நேர்ந்தது. அதைச் சரிசெய்யப் போன எனக்குக் காரணம் உடனே புரிந்தது: முதலாளி முதல் புதிதாகச் சேர்ந்த பையன் வரை அனைவரும் முழு அதிகாரம் உள்ள ஒரே அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் நுழைந்துகொண்டிருந்தார்கள்.

நம் செட்டிநாட்டு வளவு வீடுகளில் முகப்பும், நடு முற்றத்தைச் சுற்றிய வளவும் எல்லோருக்கும் பொது. ஆனால் மணமான ஒவ்வொரு மகனும் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம், என்பதால், தன் அறையை அவரே பூட்டித் திறப்பார். விண்டோஸிலும் ஏற்பாடு ஏறக்குறைய அதுதான். ஸ்டாண்டர்ட் யூசர், அதாவது சாதாரணப் பயனர், தன் கோப்புகளைத் தாராளமாகக் கையாளலாம். தேதியை மாற்றவோ, எல்லோருக்குமான மென்பொருளை நிறுவவோ முயன்றால் அட்மினிஸ்ட்ரேட்டரின் கடவுச்சொல் வேண்டும்.

முதலில் புதிய அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று சென்று ‘ஆட் அக்கவுண்ட்’ பொத்தானை அழுத்துங்கள். மின்னஞ்சல் கேட்கும் பெட்டியில், அந்த நபரின் விவரம் இல்லை என்னும் வரியையும், அடுத்த திரையில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் வரியையும் தேர்ந்தெடுத்தால், பெயர், கடவுச்சொல், மூன்று பாதுகாப்புக் கேள்விகள் ஆகியவற்றைக் கேட்கும். புதிய கணக்கு ஸ்டாண்டர்டாகவே பிறக்கும் என்பதால், அதன் பெயரைச் சொடுக்கி, ‘சேஞ்ச் அக்கவுண்ட் டைப்’ வழியாக அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள்.

இப்போது அந்தப் புதிய கணக்கில் நுழைந்து, அன்றாடம் பயன்படுத்தும் பழைய கணக்கை அதே வழியில் ஸ்டாண்டர்ட் யூசராக மாற்றுங்கள். இந்த வரிசையைத் தயவுசெய்து மாற்றாதீர்கள். புதிய கணக்கின் கடவுச்சொல் சரியாக வேலை செய்கிறதா என்று நுழைந்து பார்த்த பின்பே பழையதில் கை வையுங்கள். கோப்புகள் பழைய கணக்கிலேயே இருப்பதால் எதையும் இடம் மாற்ற வேண்டியதில்லை.

சில பழைய பில்லிங் மென்பொருள்கள் இதன்பின் திறக்க மறுக்கும், அல்லது திறந்தும் பில்லைச் சேமிக்காது. அதற்காக ஊழியருக்கு மறுபடியும் முழு அதிகாரம் கொடுத்துவிடுவதைப் பல கடைகளில் பார்க்கிறேன், அது தேவையில்லாதது. அந்த மென்பொருள் தன் தரவை வைத்திருக்கும் ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லாததே பெரும்பாலும் காரணம். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கிலிருந்து அந்த ஃபோல்டரை மட்டும் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, எடிட் என்று சென்று, ‘யூசர்ஸ்’ குழுவைத் தேர்ந்தெடுத்து, ‘அலவ்’ (அனுமதி) வரிசையில் ‘மாடிஃபை’ (மாற்றம் செய்தல்) கட்டத்தில் டிக் இடுங்கள். பக்கத்திலுள்ள ‘டினை’ (மறுப்பு) வரிசையைத் தொட வேண்டாம். பொதுவாக அது அலவை மீறி நிற்கும் என்பதால், ‘யூசர்ஸ்’ குழுவுக்கு அதை இட்டால் உங்களுக்கே கதவு அடைபடலாம்.

கடைசியாக, கடைக் கணக்கில் நுழைந்து ஒரு சோதனை பில் போட்டுச் சேமித்துப் பாருங்கள். பிறகு தேதியை மாற்ற முயலுங்கள். பில் சேமிக்கப்பட்டு, தேதி மட்டும் கடவுச்சொல் இல்லாமல் மாற மறுத்தால், வேலை முடிந்தது.