மெயில் வருகிறது, போக மட்டும் மாட்டேன் என்கிறதா?

ஏற்காட்டில் இருக்கும் சித்தப்பா வீட்டு இணைய இணைப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றினார். மறுநாளே போன். "வர்ற மெயிலெல்லாம் வருதுப்பா, நான் அனுப்புறது மட்டும் அவுட்பாக்ஸ்லயே உட்கார்ந்திருக்கு." மிளகு வாங்குகிறவருக்கு விலைப்பட்டியல் போகவேண்டும், அவசரம். சேலத்திலிருந்து போனிலேயே இரண்டு நாள் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப்போய்த்தான் சரிசெய்தேன்.

அவர் கணினியில் மெயில் வாங்கவும் அனுப்பவும் இருக்கும் செயலி தண்டர்பேர்ட். இலவசம், விளம்பரம் இல்லை. வீட்டுக்கு நான் சொல்வது இதைத்தான்.

1. முதலில் ஒரு கேள்வி: மெயில் வருகிறதா? வருவதும் நின்றிருந்தால் கணினியின் தேதியைப் பாருங்கள். இடி மின்னலுக்குப் பயந்து பிளக்கைப் பிடுங்கிவைக்கிற வீடுகளில், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று இணைப்பே கிடைக்காது. வருவது சரியாக வந்தால் மேலே படியுங்கள்.

2. அக்கவுண்ட் செட்டிங்ஸ் திறந்து, இடப்பக்கப் பட்டியலின் அடியில் உள்ள 'அவுட்கோயிங் சர்வர்' போங்கள். வாங்குவதற்கு ஒரு சர்வர், அனுப்புவதற்கு எஸ்எம்டிபி என்று தனி சர்வர். சித்தப்பாவுக்கு அங்கே பழைய இணைய நிறுவனத்தின் சர்வர் இருந்தது. அப்படிப்பட்ட சர்வர்கள் பெரும்பாலும் தங்கள் லைனில் வரும் மெயிலைத்தான் ஏற்கும். லைன் மாறினால் 'ரிலே' கிடையாது, அதாவது வெளி லைன் மெயிலைக் கடத்திவிட மாட்டேன் என்று திருப்பிவிடும்.

3. 'ஆட்' அழுத்திப் புதிதாக ஒன்று போடுங்கள். ஜிமெயில் என்றால் எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம், போர்ட் (சர்வரின் வாசல் எண்) 587, பாதுகாப்பு ஸ்டார்ட்டிஎல்எஸ். அல்லது 465, எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். இந்த ஜோடிகளை மாற்றிப் போட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். 25 வேண்டாம்; ஸ்பேமுக்குப் பயந்து வீட்டு லைன்களில் அதைப் பல நிறுவனங்கள் அடைத்துவிடுகின்றன. யூசர் நேமில் முழு மெயில் முகவரி. அத்தென்டிகேஷனில் ஓஆத்2, அதாவது கூகுள் லாகின் வழியாக அனுமதி வாங்கும் முறை; அனுப்பும்போது கூகுள் லாகின் ஜன்னல் தானே வரும்.

4. நான் இரண்டு நாள் விழுந்து கிடந்த குழி இதுதான். புது சர்வர் போட்டாயிற்று, ஆனாலும் அதே பிழைச் செய்தி. போர்ட்டை மாற்றினேன், ரவுட்டரை அணைத்துப் போட்டேன், ஆன்டிவைரஸைத் திட்டினேன். விஷயம் என்னவென்றால், சர்வரைப் பட்டியலில் சேர்த்தால் போதாது. இடப்பக்கத்தில் உங்கள் மெயில் முகவரியைச் சொடுக்குங்கள். வலப்பக்கம் கடைசிவரை இறங்கினால், எந்த எஸ்எம்டிபி என்று கேட்கும் ஒரு சின்னப் பெட்டி. அதில் பழைய சர்வரே தேர்வாகி இருந்தது! புதியதைத் தேர்ந்தெடுங்கள். பழையதை நீக்கியும் விடுங்கள்.

5. ஃபைல் மெனுவில் 'சென்ட் அன்சென்ட் மெசேஜஸ்'. இன்னும் போகவில்லையா? போன் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். அதில் போனால் வீட்டு லைனிலோ ரவுட்டரிலோதான் அடைப்பு.

சித்தப்பாவின் ஒரு மெயில் மட்டும் அப்புறமும் நகரவில்லை. காப்பிப் பூ படங்கள், மொத்தம் 22 எம்பி. ஜிமெயில் வரம்பு 25 எம்பிதான், ஆனால் மெயிலோடு இணைக்கும் ஃபைல்கள் அனுப்புவதற்காக உருமாறும்போது மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலேயே பெருத்துவிடும். 18 எம்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சேர்த்தது: அஸ்தம்பட்டி நண்பர் ஒருவர் இதைப் பார்த்துச் செய்தபோது கூகுள் லாகின் முடியவே இல்லையாம். தண்டர்பேர்டின் பிரைவசி பகுதியில் குக்கீஸை (லாகினை நினைவில் வைக்கும் சிறு தகவல் துணுக்குகள்) அணைத்து வைத்திருந்தார். அதற்கு டிக் போட்டதும் லாகின் ஆகி, மெயில் போய்விட்டது.